கூடாரமும் கோபுரமும்

கட்டடப் பெருமை என்று சொன்னவுடனே நம்மவர் மனக்கண் முன் வந்து நிற்பது கோபுரமே. வானளாவ உயர்ந்திருக்க வேண்டும். கல்லால் ஆகியிருக்க வேண்டும். ஆயிரம் ஆண்டு அசையாது நிற்க வேண்டும். இம்மூன்றும் அமைந்ததே சிறந்த கட்டடம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. கூடாரத்தை நாம் அவ்வாறு மதிப்பதில்லை. சர்க்கஸ் வந்தால் கூடாரம். கலியாணம் வந்தால் பந்தல். மழை வந்தால் தார்ப்பாய். வேலை முடிந்ததும் அவிழ்த்துச் சுருட்டி மூலையில் போடத்தக்க பொருள் என்பதற்கு மேல் அதற்கு ஒரு மதிப்பும் நாம் கொடுத்ததில்லை.

ஆனால் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக உலகின் தேர்ந்த கட்டடச் சிற்பிகளும் பொறியியல் வல்லுநரும் இந்தக் கூடாரத்தையே எடுத்து ஆராய்ந்து, பல்லாயிரம் மக்கள் கூடும் மண்டபங்களுக்கும், விமான நிலையங்களுக்கும், விளையாட்டரங்குகளுக்கும் துணியாலும் கம்பிவடத்தாலும் கூரை வேய்ந்து வருகின்றனர். கோலாலம்பூரில் 1998-ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்ற புக்கிட் ஜாலில் அரங்கைக் கண்டவர்கள், வட்டமாகச் சூழ்ந்து நிற்கும் அந்தக் கூரை ஓடுமன்று, தகரமுமன்று, இழுத்துக் கட்டிய விரிப்பே என்பதை அறிவர். இன்று கடைத்தெருவிலும், மோட்டார் வண்டிகள் நிறுத்துமிடத்திலும், பள்ளி முற்றத்திலும் இவ்வகைக் கூரையின் சிறு குட்டிகள் பலவற்றைக் காண்கிறோம்.

புதுமை என்ற ஒரே காரணத்திற்காக இவற்றைப் புகழ்வோரும் உளர். துணிதானே என்று இகழ்வோரும் உளர். இருசாராரும் ஆராய்ந்து பேசுபவரல்லர். பொதுமக்கள் பணத்தில் எழும் கட்டடங்களை அளந்து பார்க்க அறியாத சமூகம், பகட்டுக்கு விலை கொடுத்துப் பயனை இழக்கும். ஆகவே இக்கலையில் புகழ்பெற்ற சில படைப்புகளை எடுத்து, அவற்றின் குணமும் குற்றமும் நாடி, கூடாரத்தை அளக்கத்தக்க கோல் யாது என்பதைக் காண முயல்வோம்.

முதலில் இதன் இயல்பை அறிதல் வேண்டும். கல்லின்மேல் கல்லடுக்கிக் கட்டும் கட்டடம் அழுத்தத்தால் நிற்பது. மேற்கல் கீழ்க்கல்லை அழுத்துகிறது. கீழ்க்கல் நிலத்தை அழுத்துகிறது. கனமே அதன் உறுதி. துணிக்கோ அழுத்தம் ஆகாது. அழுத்தினால் மடங்கிச் சுருண்டுவிடும். ஆனால் இழுத்தால் அது எதிர்த்து நிற்கும். இவ்வுண்மையை நம் தாய்மார்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. தோட்டத்து லயன்களில் பிறந்து வளர்ந்தோரில் ஏணையில் உறங்காதவர் யார்? உத்தரத்தில் ஒரு பழஞ்சேலையைக் கட்டிவிட்டால் போதும். சேலையின் ஒவ்வோர் இழையும் இழுபட்டு நிற்கிறது. குழந்தை அச்சமின்றித் துயில்கிறது. அந்தச் சேலையின் எடையைக் குழந்தையின் எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இழுவிசையால் நிற்கும் பொருள் எத்துணைக் குறைந்த எடையில் எத்துணைப் பெரிய பாரத்தைத் தாங்கும் என்பது விளங்கும்.

எனினும் ஏணை வேறு, கூரை வேறு. குழந்தையின் பாரம் எப்பொழுதும் கீழ்நோக்கியே இருக்கும். கூரைக்கோ மேலிருந்து மழை அழுத்தும். கீழிருந்து காற்றுத் தூக்கும். கொடியிற் காயும் வேட்டி காற்றில் படபடப்பதைப் போலத் தட்டையாக விரித்த துணியெல்லாம் படபடத்துக் கிழியும். இதற்கு வல்லுநர் கண்ட வழி குதிரைச் சேணத்தின் வடிவமாகும். சேணத்தை முன்பின்னாகப் பார்த்தால் பள்ளம். இடவலமாகப் பார்த்தால் மேடு. அவ்வடிவில் துணியை இழுத்துக் கட்டினால், ஒரு திசையிற் செல்லும் இழைகள் கீழே தொங்க, மறுதிசையிற் செல்லும் இழைகள் மேலே வளைந்து, ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. மழையோ பனியோ அழுத்தினால் தொங்கும் இழைகள் தாங்கும். காற்றுத் தூக்கினால் வளைந்த இழைகள் தடுக்கும். ஒன்றற்கொன்று மாறான இரண்டு இழுப்புகள் சமநிலை எய்துவதே இக்கூரையின் உயிர்.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் பிறக்கிறது. கல்லைச் செதுக்குபவன் தான் விரும்பிய வடிவத்தைக் கல்லுக்குக் கொடுக்கலாம். துணிக்கூரை அமைப்பவனுக்கு அவ்வுரிமை இல்லை. எங்கெங்கே கம்பம் நாட்டுவது, எங்கெங்கே கட்டுவது என்பதை மட்டுமே அவன் முடிவு செய்யலாம்; இடைப்பட்ட வடிவத்தை இழுவிசையே முடிவு செய்யும். கம்பி வளையம் ஒன்றைச் சவுக்காரக் கரைசலில் தோய்த்தெடுத்தால் அதில் மெல்லிய படலம் ஒன்று விரிந்து நிற்பதைச் சிறுவர்களும் அறிவர். வளையத்தை எப்படி வளைத்தாலும், அந்த விளிம்புக்குள் தன் பரப்பு மிகமிகக் குறையும் வடிவத்தையே அப்படலம் நாடும். பெல்ஜிய நாட்டு அறிஞர் ஜோசப் பிளாட்டோ இவற்றை ஆராய்ந்து 1873-இல் பெருநூல் ஒன்று வெளியிட்டார். அவர் இடைக்காலத்திலேயே கண்பார்வை இழந்தவர். பிறர் கண்டு சொல்லத் தாம் கருதிப் பார்த்தே அவ்வாராய்ச்சியை நடத்தினார். பிற்காலத்தில் கூடாரக் கலைஞர் அந்தச் சவுக்காரப் படலங்களையே மாதிரிகளாகக் கொண்டு, அவற்றைப் படம் பிடித்து அளந்து, தங்கள் கூரைகளின் வடிவத்தைக் கண்டறிந்தனர்.

இக்கலையின் வரலாற்றில் 1896-ஆம் ஆண்டு ருஷ்ய நாட்டு நிழ்னி நோவ்கரத் பொருட்காட்சிக்கு விளாதிமிர் ஷூகவ் என்னும் பொறியியலார் அமைத்த தொங்கும் இரும்புக் கூரைகள் முன்னோடியாக வைத்து எண்ணப்படுகின்றன. பின்னர் போலந்து நாட்டவரான மாத்யூ நோவிட்ஸ்கி அமெரிக்காவின் ராலே நகரில் கால்நடைப் பொருட்காட்சிக்காக ஓர் அரங்கம் வகுத்தார். எதிரெதிராகச் சாய்ந்த இரண்டு கான்கிரீட்டு வளைவுகளுக்கிடையே கம்பிவடங்களைச் சேண வடிவில் இழுத்துக் கட்டிய கூரை அது. சண்டீகர் நகர அமைப்புப் பணிக்காக இந்தியா வந்து திரும்புகையில், 1950-இல் எகிப்து நாட்டில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மாண்டார். 1952-இல் முற்றுப்பெற்ற தம் அரங்கத்தைக் காண அவர் இல்லை. ஆனால் அதன் வரைபடங்களை 1950-இல் நியூயார்க் நகரில் ஓர் இளம் ஜெர்மானிய மாணவர் கண்டார். அவரே ஃப்ரை ஒட்டோ.

ஃப்ரை ஒட்டோ 1925-இல் பிறந்தவர். தந்தையார் கற்சிற்பி. அவருக்கு இடப்பட்ட பெயருக்கு ஜெர்மன் மொழியில் ‘தளையற்ற’ என்று பொருள். சிறுவயதில் பொறியில்லாச் சறுக்கு விமானங்கள் செய்து பறக்கவிட்டார். மெல்லிய சட்டத்தின்மேல் மெல்லிய தோலை இழுத்துப் போர்த்தால் எவ்வளவு வலிமை பிறக்கும் என்பதை அங்கே கற்றார். இரண்டாம் உலகப் போரில் விமானியாகச் சென்று, பிரான்சு நாட்டில் ஷார்த்ரே நகருக்கருகே போர்க்கைதியாகச் சிறைப்பட்டார். அம்முகாமில் கட்டட வேலை அவர் பொறுப்பில் விடப்பட்டது. மரமில்லை, இரும்பில்லை, செங்கல்லில்லை. இருப்பதைக் கொண்டு மிகுதியும் செய்வது எப்படி என்னும் கேள்வி அவர் உள்ளத்தில் அங்கே பதிந்தது. வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு அது நீங்கவில்லை. 1954-இல் தொங்கும் கூரையைப் பற்றி ஆராய்ச்சி நூல் எழுதிப் பட்டம் பெற்றார்.

அடுத்து அவர் செய்ததை நாம் சிறப்பாகக் குறிக்க விரும்புகிறோம். கூடாரம் தைக்கும் தொழிலைப் பரம்பரையாகச் செய்துவந்த பீட்டர் ஸ்ட்ரோமையர் என்பவரிடம் சென்று, அவரோடு கூட்டுச் சேர்ந்து வேலை செய்தார். துணியை எத்திசையில் வெட்டுவது, எவ்வாறு மூட்டுவது, ஓரத்துக் கயிற்றை எப்படிப் பூட்டுவது என்பன தொழிலாளியின் கைக்குத் தெரிந்தவை. இழுவிசையின் கணக்கு படித்தவரின் ஏட்டிலிருந்தது. இரண்டும் கூடிய இடத்திலேதான் புதுக்கலை பிறந்தது. 1955-இல் காசல் நகரப் பூங்காக் காட்சியில் இசைவாணருக்கென்று அவர்கள் அமைத்த சிறு நிழற்கூரை, நான்கு மூலைகளில் இரண்டை உயர்த்தி இரண்டைத் தாழ்த்திக் கட்டிய ஒரே பருத்தித் துணியாகும். அதன் விரிவு 18 மீட்டர் அளவினது. வண்ணத்துப்பூச்சி ஒன்று பறந்து வந்து அமர்ந்தது போன்ற அக்கூரையில் வேண்டாத பொருள் என்று எதையும் எடுத்துக் காட்ட முடியாது. 1957-இல் கொலோன் நகரில் ஆடலரங்கு ஒன்றின்மேல் விண்மீன் போல விரிந்த மற்றொரு கூரை எழுந்தது.

இனிப் பெரும்படைப்புகளுக்கு வருவோம். 1967-இல் கனடா நாட்டு மொன்றியால் நகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. ஜெர்மனியின் மண்டபத்தை ரோல்ஃப் குட்பிராட் என்பவருடன் சேர்ந்து ஒட்டோ வகுத்தார். உயரம் வெவ்வேறான எட்டுக் கம்பங்கள். அவற்றின்மேல் ஏறத்தாழ 8,000 சதுர மீட்டர் பரப்பில் கம்பிவட வலை. வலையின் கீழே துணி. உறுப்புகளை ஜெர்மனியிலே செய்து, கப்பலேற்றிக் கொண்டுசென்று, அங்கே பூட்டினர். மற்ற நாடுகள் சுவர் எழுப்பித் தங்கள் பெருமையை அடைத்து வைத்த காட்சியிலே, இம்மண்டபம் மலைச்சாரல் போல ஏறியும் இறங்கியும் நின்றது. ஆறு மாதக் காட்சிக்கு ஆறு மாதத்துக்குரிய கூரை. தேவைக்கு மேற்பட்ட கனமில்லை, காலத்திற்கு மேற்பட்ட ஆசையுமில்லை. ஒத்திகைக்காக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் முன்னர் எழுப்பிய ஒரு பகுதியையும் அவர்கள் வீணாக்கவில்லை. அதனையே இடம் மாற்றி அமைத்து, அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் ஒட்டோ நிறுவிய மென்கட்டட ஆராய்ச்சி நிலையத்தின் இல்லமாக ஆக்கிக்கொண்டனர். சொல்லும் செயலும் ஒத்த படைப்பு இதுவே என்பது நமது துணிபு.

இதன் புகழே மூனிச் நகரின் மாபெரும் கூரைக்கு வித்தாயிற்று. 1972-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுகளுக்காக 1967-இல் நடத்திய போட்டியில் குந்தர் பேனிஷ் குழுவினர் வென்றனர். அவர்கள் அனுப்பிய மாதிரியில் கூரையாக விரிந்திருந்தது மகளிர் காலுறைத் துணி என்பர். அதை மெய்யான கூரையாக்கும் பொறுப்பில் ஒட்டோவும், பொறியியலாரான ஃப்ரிட்ஸ் லியோன்ஹார்ட், யோர்க் ஷ்லைக் முதலியோரும் சேர்ந்தனர்.

அக்கூரையின் கருத்தை உணர வேண்டுமானால் 36 ஆண்டுகள் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1936-இல் பெர்லின் நகரில் ஹிட்லர் ஆட்சி நடத்திய ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கு வெர்னர் மார்ச் வகுத்த அரங்கம் சுண்ணாம்புக்கல் போர்த்திய பெருங்கோட்டை போன்றது. தூண்கள் அணிவகுத்து நின்றன, மனிதன் அங்கே சிறியனானான், அரசு பெரிதாயிற்று. அந்த ஜெர்மனி மாண்டது, புதிய ஜெர்மனி வேறு என்று உலகுக்குச் சொல்ல விரும்பியவர்கள் மூனிச் நகரில் கல்லைத் துறந்தனர். போர்க்காலத்து இடிபாடுகளைக் குவித்த மேட்டுக்கருகே, புல்தரையின் மேல், வாயிற்கோபுரமோ அணிவகுத்த தூணோ இல்லாமல், சிலந்தி வலை போலப் பின்னிய கூரை விரிந்தது. அரங்கம், நீச்சல் மண்டபம், விளையாட்டு மண்டபம் மூன்றையும் தொடர்ந்து போர்த்திய அதன் பரப்பு ஏறத்தாழ 75,000 சதுர மீட்டர். உயர்ந்த கம்பங்கள் ஏறக்குறைய 80 மீட்டர் எட்டின. அதன் கீழ் நிற்பவன் எவருக்கும் சிறியனாகத் தோன்றுவதில்லை. அழகினால் இதனை வெல்லும் கூரை அந்நூற்றாண்டில் எழுந்ததாக நாம் கருதவில்லை.

ஆனால் ஆராய்ச்சி என்பது அழகைக் கண்டு மயங்கி நிற்பதன்று. மூனிச் கூரையில் மூன்று குறைகளைக் காண்கிறோம்.

முதலாவது, அது மேலே இலேசு, கீழே கனம். இழுக்கும் கயிற்றுக்கு ஒரு முளை வேண்டும். கலியாணப் பந்தலுக்கு மரமுளை போதும். அத்துணைப் பெரிய பரப்பைத் தட்டையாக நீட்டி இழுக்கும்போது இழுவிசை மிகப் பெரிதாகிறது. அதைப் பிடித்து நிறுத்த நிலத்தினுள்ளே மாபெரும் கான்கிரீட்டு நங்கூரங்களைப் புதைக்க வேண்டியதாயிற்று. பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் கனம் ஒளிந்துகொண்டது. குறைந்த பொருளால் மிகுந்த பயன் என்ற ஒட்டோவின் கொள்கைக்கு அவர் பங்கு கொண்ட பெரும்படைப்பே மாறுபட்டு நிற்கிறது. செலவும் முதலில் மதிப்பிட்ட தொகையைப் போலப் பன்மடங்காகப் பெருகியது.

இரண்டாவது, அது துணிக்கூரையென்று தொடங்கித் துணியை இழந்த கூரை. நிறப்படமாக உலகெங்கும் ஒளிபரப்ப வந்த தொலைக்காட்சியினர், நிழலும் வெயிலும் கலந்து விழுந்தால் படம் கெடும் என்றனர். ஆகவே 75 சென்டிமீட்டர்க் கண்ணுடைய கம்பிவட வலையின்மேல், ஏறத்தாழ 2.9 மீட்டர்ச் சதுரமான கண்ணாடி போன்ற அக்ரிலிக் பலகைகளைப் பதித்து மூடினர். வலை வளையும், பலகை வளையாது. அதனால் பலகைக்குப் பலகை கறுத்த இணைப்புப் பட்டைகள் தேவைப்பட்டு, அவை இன்றும் கூரையில் கட்டங்களாகத் தெரிகின்றன. அங்கே கூடியிருந்த மக்களுக்காக அன்றி, அங்கில்லாத காமிராவின் கண்ணுக்காகக் கூரை மாற்றப்பட்டது என்பதை நாம் சொல்லாமலிருக்க முடியாது.

மூன்றாவதைக் குறை என்பதைவிடத் துயரம் என்பதே பொருந்தும். அவ்விளையாட்டுகள் மகிழ்ச்சியும் கட்டற்ற தன்மையும் நிறைந்தனவாக இருக்க வேண்டுமென்று எண்ணிக் காவலும் கடுமையின்றி வைத்தனர். 1972 செப்டம்பர் 5-ஆம் நாள் ஆயுதம் தாங்கியோர் வீரர் குடியிருப்பிற் புகுந்தனர். இஸ்ரேல் குழுவினர் 11 பேர் உயிரிழந்தனர். கூரை ஒரு சமூகத்தின் விருப்பத்தை வெளியிடலாம். அவ்விருப்பத்தை நிறைவேற்றித் தர அதனால் இயலாது. திறந்த கட்டடம் கட்டினால் திறந்த உலகம் வந்துவிடும் என்று நம்பும் கட்டடச் சிற்பிகள் இதனை மறக்கலாகாது.

நிற்க. இனி மேற்கே செங்கடற்கரைக்குச் செல்வோம். ஆண்டுதோறும் ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றப் பல நாட்டு மக்கள் ஜித்தா நகர் வழியே மக்கா செல்கின்றனர். நம் அண்டை வீட்டு மலாய்க்காரரும் தமிழ் முஸ்லிம் சோதரரும் அவ்வழியிற் சென்று வந்தவர்களே. சில வாரங்களுக்குள் இலட்சக்கணக்கானோர் வந்திறங்குவர், ஆவணச் சோதனைக்கும் ஊர்திக்கும் பல மணி நேரம் காத்திருப்பர், முதியோர் பலர், வெயிலோ கொடிது. எஞ்சிய மாதங்களில் அவ்விடம் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். அத்துணைப் பெரிய மண்டபத்திற்குச் சுவரெழுப்பிக் குளிரூட்டினால் ஆகும் செலவுக்கு எல்லையில்லை.

இக்கேள்விக்கு 1981-இல் கிடைத்த விடையே ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையம். சிகாகோ நகரில் 1970-களில் கட்டி முடித்து அக்காலத்தில் உலகிலேயே உயர்ந்து நின்ற 442 மீட்டர்ச் சியர்ஸ் கோபுரத்துக்குக் கட்டமைப்பு வகுத்தவர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான். 1929-இல் வங்காளத்து டாக்கா நகரிற் பிறந்தவர். கோபுரத்தின் உயரத்தைக் கண்டவரே கூடாரத்தின் விரிவையும் காண முனைந்தார். கோர்டன் பன்ஷாஃப்ட் என்னும் கட்டடச் சிற்பியும், கூடாரக் கணக்கில் வல்ல ஹார்ஸ்ட் பெர்கரும் உடன் உழைத்தனர். 45 மீட்டர் உயரமுள்ள இரும்புத் தூண்கள். அவற்றிலிருந்து கம்பிவடங்களால் தொங்கும் கூம்புக் கூடாரங்கள் 210. ஒவ்வொன்றும் 45 மீட்டர்ச் சதுரம். நம் தோட்டத்துக் கணக்கிற் சொன்னால் ஏறத்தாழ 105 ஏக்கர் நிலத்துக்கு நிழல்.

இங்கே துணி துணியாகவே நிற்கிறது. கண்ணாடியிழையால் நெய்து டெஃப்லான் பூசிய துணி அது. கண்ணாடியிழை தீப்பற்றி எரியாது; டெஃப்லானில் அழுக்கு எளிதில் ஒட்டாது. வெண்மையால் வெயிலின் பெரும்பகுதியை மேலேயே திருப்பியனுப்பி, வெளிச்சத்திற் சிறிதளவை மட்டும் உள்ளே விடுகிறது. பக்கங்களிற் சுவரில்லை, காற்று தடையின்றி நுழைகிறது. சூடேறிய காற்று கூம்பின் உச்சியிலுள்ள வளையத்தின் வழியே வெளியேறுகிறது. பாலைவன மக்கள் தலைமுறை தலைமுறையாய் அறிந்த கூடார நுட்பத்தையே புதிய பொருளும் புதிய கணக்கும் கொண்டு செய்திருக்கின்றனர். 1983-இல் இதற்கு ஆகா கான் கட்டடக்கலைப் பரிசு வழங்கப்பெற்றது. கான் அதைக் காணவில்லை. 1982-இல் அதே ஜித்தா நகருக்குச் சென்றிருந்தபோது மாரடைப்பால் காலமானார்.

இதிலும் குறையில்லாமலில்லை. ஒரே வடிவத்தை 210 முறை திருப்பித் திருப்பி வைத்ததால் சலிப்புத் தட்டுகிறது. மூனிச் கூரையில் அடிக்கடி மாறும் வளைவு தரும் வியப்பு இங்கே இல்லை. ஆனால் இந்த ஒருமைப்பாட்டினாலேயே வேலை எளிதாயிற்று. பழுதும் அந்தந்தக் கூடாரத்தோடு நிற்கும். காத்திருக்கும் கிழவருக்கு வேண்டியது வியப்பன்று, நிழல். அழகில் மூனிச் மேல். அறத்தில் ஜித்தா மேல் என்று தீர்ப்புக் கூற நாம் தயங்கவில்லை.

இவற்றுக்கு மாறாகக் கூடாரத்தின் இயல்பறியாது செய்த வேலையின் விளைவையும் சொல்ல வேண்டும். 1967-இல் ஒட்டோவின் மண்டபம் நின்ற அதே மொன்றியால் நகரில், 1976 ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கென்று ரோஜர் தய்யிபேர் பேரரங்கம் ஒன்றை வகுத்தார். சாய்ந்து நிற்கும் 165 மீட்டர்க் கோபுரம் ஒன்றிலிருந்து, குடையை விரித்து மடக்குவது போலத் துணிக்கூரையைத் தூக்கவும் இறக்கவும் வேண்டுமென்பது திட்டம். கோபுரம் விளையாட்டுகளுக்குள் முடியவில்லை. கூரை 1987-இலேதான் வந்தது. பன்முறை கிழிந்தது, பொறி பழுதுற்றது. 1998-இல் அசையாத வேறு துணிக்கூரையை மாற்றினர். 1999 ஜனவரியில் பனியின் பாரந்தாங்காமல் அதன் ஒரு பகுதி கிழிந்து, பனி உள்ளே கொட்டியது, சிலர் காயமுற்றனர். ஆண்டுகள் செல்லச் செல்ல ஆயிரக்கணக்கான கிழிசல்கள் தோன்றின. 2024-இல் கியூபெக் அரசு, 87 கோடிக் கனடா டாலர் செலவில் கூரையை அடியோடு மாற்றப் போவதாக அறிவித்தது. பழி துணியினுடையதன்று. துணியைக் கோபுரத்தின் அலங்காரமாக்கி, அதன் இழுவிசைக்கும் அவ்வூர்ப் பனிக்கும் முதலிடம் கொடாத ஆசையினுடையதே.

‘துணி எத்தனை நாளைக்கு? கல்லன்றோ நிலைக்கும்?’ என்று வினவுவோருக்கு விடை கூறுவோம். கலிஃபோர்னியாவின் லாவெர்ன் கல்லூரியில் 1973-இல் டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணியால் வேய்ந்த கூரை பல பத்தாண்டுகள் தாங்கியது. ஜித்தாவின் முனையம் நான்கு பத்தாண்டுகளைக் கடந்து நிற்கிறது. மலிவான பாலியெஸ்டர்த் துணி 15, 20 ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டியதே. மாற்றினால் என்ன? நம் முன்னோர் ஆண்டுதோறும் கூரையைப் புதிதாக வேய்ந்தனர். அதனால் வீடு இழிந்துவிடவில்லை. கட்டடம் எத்தனை காலம் நிற்கிறது என்பதோடு, நிற்கும் காலமெல்லாம் யாருக்கு உதவுகிறது என்பதையும் கேட்க வேண்டும். எவரையும் உள்ளே விடாது நூற்றாண்டுகள் நின்ற மதிலினும், ஒரு கோடையில் ஆயிரவருக்கு நிழல் தந்த பந்தல் மேலானது.

ஆக, கூடாரத்தை அளக்கும் கோல் மூன்று வினாக்களால் ஆயது. மேலே காணும் இலேசுக்கு நிலத்தடியிலும் பொக்கிஷத்திலும் எவ்வளவு கனம் ஒளிந்திருக்கிறது? அவ்விடத்து வெயிலுக்கும் மழைக்கும் காற்றுக்கும் அஃது ஏற்றதா? அதன் நிழல் யார்மேல் விழுகிறது? கடைவாயிலில் அழகுக்கென்று கோணலாகத் தொங்கவிட்ட துணியைக் காணும்போதும், பள்ளி முற்றத்துக்கு அரசாங்கப் பணத்தில் கூரை போடும்போதும், அன்பர்கள் இவ்வினாக்களைக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம். நண்பகல் வெயில் தலைக்கு நேரே வீழ்ந்து, பிற்பகலிற் சாய்மழை கொட்டும் நம் நாட்டில், நிழலும் தராமல் சாரலையும் தடுக்காமல் நிற்கும் கூரை எத்துணை வளைந்திருந்தாலும் பயனற்றதே.

ஃப்ரை ஒட்டோ 2015 மார்ச் 9-ஆம் நாள் தமது 89-ஆம் வயதில் மறைந்தார். கட்டடக்கலைக்குரிய உலகப் பெரும்பரிசாகிய பிரிட்ஸ்கர் பரிசு அவருக்குரியது என்று மறுநாள் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பரிசுச் செய்தி அவர் செவிக்கு முன்னரே எட்டியிருந்தது என்பது ஓர் ஆறுதல். போர்க்கைதி முகாமில் ஆணிக்கும் பலகைக்கும் அலைந்தவர், ஒன்றுமில்லாமையிலிருந்து ஒரு கலையை எழுப்பிவிட்டுச் சென்றார்.

முடிவாக ஒன்று. ஒட்டோவின் பெயரையும் கானின் பெயரையும் நூல்கள் சொல்கின்றன. அத்துணை உயரத்தில் ஏறிக் கம்பிவடம் பூட்டிய தொழிலாளரின் பெயர்களை நாம் கண்ட நூல்கள் சொல்லவில்லை. ஸ்ட்ரோமையரின் பெயர் நிலைத்ததற்குக் காரணம், படித்த ஒருவர் அவர் தொழிலை மதித்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றதே. நம்மிடையேயும் பந்தல் போடுவோர் உளர். எந்த முளை எப்பக்கம் சாய வேண்டும், எந்தக் கயிற்றைத் தளர்த்தினால் மழைநீர் வடியும், காற்று எழும்போது எம்மூலையை முதலில் அவிழ்ப்பது என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும். கூலி கொடுத்தனுப்புவதோடு நாம் நின்றுவிடுகிறோம். பொறியியற் கல்லூரியிற் பயிலும் நம் இளைஞர்கள் அடுத்த திருமணத்திலோ திருவிழாவிலோ, பந்தியில் அமருமுன் சற்று நேரம் அந்தப் பந்தற்காரரோடு நின்று பேசிப் பார்ப்பார்களாக.